இருபத்தாறு ஊசிகள்

மூன்றாவது முறை நான் கர்ப்பமான ஆறாவது வாரத்தில், ஈப்போவில் சிறப்பு மருத்துவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இரத்தம் உறையாமல் இருக்க தினமும் வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறீர்களா, வேண்டாமா? முதல் கரு எட்டாவது வாரத்தில் போனது. இரண்டாவது ஒன்பதாவது வாரத்தில் போனது. இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்," என்றார் அவர், ஆங்கிலத்தில். என் அக்கா வயதுடைய சீனப் பெண்மணி. பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார்.

விஷயம் இதுதான். இரண்டாவது கரு போன பிறகு எனக்கு நிறைய இரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். அதில் ஒன்றின் அளவு கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. இரத்தத்தைத் தேவையில்லாமல் உறைய வைத்து, கருவுக்குப் போகும் வழியை அடைக்கக்கூடிய ஏதோ ஒன்று என் உடம்பில் இருக்கலாம் என்பது அதன் பொருள். இருக்கலாம், அவ்வளவுதான். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால்தான் நம்ப முடியும். அதுவரை பொறுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள்தான் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு அந்தக் கோளாறு உண்மையிலேயே இருந்தால் ஊசி உதவும். இல்லை என்றால், உதவும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருக்கிறதா இல்லையா என்பது இன்றைக்குத் தெரியாது. போடுவது என்றால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. வியாழக்கிழமை வந்து சொல்லுங்கள்."

அன்று திங்கட்கிழமை.

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆசிரியர் அறையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ராக்கெட். மண் இல்லாமல் கீரை வளர்ப்பது, மழைநீரை அளப்பது, பள்ளி முழுக்க நெகிழிப் புட்டி சேகரிப்பது என்று மாதத்துக்கு ஒன்று ஆரம்பித்துவிட்டு மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஓடுவேன். ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துகொண்டுவிட வேண்டும். இந்த ஊசியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு சாயங்காலமும் மடிக்கணினியைத் திறந்து படித்துத் தள்ளினேன். மருத்துவக் கட்டுரை, அதற்கு மறுப்புக் கட்டுரை, அந்த மறுப்புக்கு மறுப்பு. பிறகு தாய்மார்கள் எழுதும் பக்கங்கள். ஊசி போட்டு இரட்டைப் பிள்ளை பெற்றவள் ஒருத்தி. ஊசி போட்டும் இழந்தவள் ஒருத்தி. ஐந்தாவது முறை எதையுமே செய்யாமல் பெற்றெடுத்து, அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் படத்தைப் போட்டிருந்தவள் ஒருத்தி. படித்துப் படித்து எனக்குச் சொற்கள் தெரிந்தன. விடை தெரியவில்லை.

கல் உடைக்கும் குவாரியில் லாரிகளுக்கு எடை பார்த்துச் சீட்டுப் போடுவது என் கணவரின் வேலை. வேலை முடிந்து வந்து, சட்டையில் வெள்ளைத் தூசியோடு என் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"எத்தன பேரு போடச் சொல்றாங்க, எத்தன பேரு வேணாங்கறாங்க?"

"ஓட்டா எண்ணுறோம்? அப்படிப் பாக்கக்கூடாதுப்பா."

"பின்ன எப்படிலா பாக்கறது? எனக்குத் தெரிஞ்சது ஏத்தி நிறுத்துனா எடை காட்டணும். இதுல லாரி முன்னாலயும் போகுது, பின்னாலயும் போகுது."

நான் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் சுங்கை சிப்புட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும். நான் கர்ப்பமாக இருப்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கணவர், இன்னொருவர் அம்மா. மூன்று மாதம் முடியும்வரை வெளியே வாயைத் திறக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண் பட்டுவிடும். அதனால் முதல் இரண்டும் வந்தது வேறு யாருக்கும் தெரியாது, போனதும் வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு முறையும் பள்ளியில் வயிற்றுக் கோளாறு என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது முறை திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு கல்யாண வீட்டில் கணவரின் சித்தி என் வயிற்றைப் பார்த்தபடி, "என்னம்மா, ஏதாச்சும் விசேஷமா?" என்றார். "இல்லீங்க சித்தி," என்றேன். கையில் பாயசக் கிண்ணம் இருந்தது. அதைக் குடித்து முடித்தேன்.

அம்மா இருப்பது ரப்பர் தோட்டம் விற்கப்பட்ட பிறகு கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில். பால் மரம் வெட்டிய கைகள் இப்போது ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை செய்கின்றன. விடியலில் போனால் இரண்டு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஊசியைப் பற்றிச் சொன்னேன். இரத்தத்தை இளக்கி வைக்கும் மருந்து என்றேன்.

வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு தடவையும் எப்படிம்மா போச்சு? ரத்தம் போயித்தான போச்சு?"

"ஆமா."

"நிக்காம போச்சு. நாந்தான துணி மாத்துனேன். இப்ப அந்த ரத்தத்த இன்னும் தண்ணியாக்கப் போறாங்களா?"

இரண்டு சாயங்காலம் நான் படித்த கட்டுரைகள் எதிலும் யாரும் இவ்வளவு நேரடியாகக் கேட்டிருக்கவில்லை. போன இரத்தம் வேறு, உறையும் இரத்தம் வேறு என்று விளக்கினேன். துணிகளை ஊற வைக்கும் வாளிக்குள் நீளும் ரப்பர் குழாயைக் காட்டி, இதற்குள் மண் அடைத்தால் மறுமுனையில் தண்ணீர் வருமா என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் எனக்கே கேட்டது. அம்மா பொறுமையாகக் கேட்டார். புரிந்ததா என்று தெரியவில்லை.

"அந்த டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

"என்னையே முடிவு பண்ணச் சொல்றாங்க."

"இதென்ன கூத்து. படிச்சவங்க அவங்க, முடிவு நீ பண்றதா?" கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தார். "சரி, போட்டுக்க. ஆனா ஒன்னு. சைவத்த விட்டுறாத. சாமி ஒரு பக்கம் புடிக்கட்டும், ஊசி ஒரு பக்கம் புடிக்கட்டும். ரெண்டும் சேந்து புடிச்சாத்தான் இந்தத் தடவ நிக்கும்."

சைவத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கர்ப்பம் உறுதியான அன்றே அம்மா பேருந்து பிடித்து ஈப்போ வந்து, கல்லுமலை முருகனிடம் நேர்ந்துகொண்டுவிட்டார். பிள்ளை கைக்கு வரும்வரை அம்மாவும் நானும் கவிச்சி தொடக்கூடாது என்பது நேர்த்தி. மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. நேர்ந்து முடித்த பிறகு கோயில் வாசலிலிருந்து எனக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். "ஒன்னயக் கேக்கல. கேட்டா நீ நூறு கேள்வி கேப்ப," என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ ஒன்றை நானும் செய்ய முடிகிறதே என்று இருந்தது. அன்று மத்தியானமே குளிர்ப்பெட்டியில் இருந்த கோழியையும் நெத்திலியையும் எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை போடுகிறேன் என்று சொன்னேன். ஏன் போட முடிவு செய்தேன் என்று இப்போது கேட்டால், போடாமல் இருந்து இதுவும் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அறிவியல் ஆசிரியை சொல்லும் காரணமா அது? மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. "நன்மை தீமைகளை யோசித்துப் பார்த்தேன்," என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

ஊசி போடக் கற்றுக் கொடுக்க ஒரு மலாய்த் தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி, வந்தார். நல்ல கலகலப்பான ஆள். ஓர் உருண்டைப் பஞ்சணையை என் மடியில் வைத்து, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, நேராகக் குத்தச் சொன்னார். பஞ்சணையில் இரண்டாவது முறையிலேயே சரியாகப் போட்டுவிட்டேன். "வாவ், சிக்குவுக்குக் கை நடுங்கவே இல்ல," என்றார். ஆசிரியைகளை அவர்கள் சிக்கு என்றுதான் அழைப்பார்கள். பிறகு ஏதோ நினைவு வந்தவராய்க் குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னார்.

"இன்னொன்னு சொல்லணும். இந்த மருந்து பன்றிக் குடல்லருந்து எடுக்கிறது. எங்க ஆளுங்களா இருந்தா சொல்லிட்டுத்தான் கொடுப்போம். நீங்க இந்து, உங்களுக்குப் பரவாயில்லதானே? மாடு கிடையாது. மாடு இல்லன்னு நல்லாத் தெரியும்."

அவர் முகத்தில் அவ்வளவு நல்லெண்ணம். என் மதத்துக்கு எது ஆகாது என்று யோசித்து வைத்துக்கொண்டு சொல்கிறார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தார்.

"வேற மருந்து இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. விலங்குலருந்து எடுக்காதது. டாக்டர்கிட்ட கேட்டு, எழுதி, வரவழைக்கணும். மூணு நாலு நாள் ஆகும். அதுக்கு அனுபவம் கொஞ்சம் கம்மின்னு டாக்டர் சொல்வாங்க. வேணுமா?"

இரண்டு சாயங்காலம் படித்தவள் நான். இந்தக் கேள்விக்கு எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சு.

"வேணாம். இதையே குடுங்க."

கணவர் காரை எடுத்தார். புந்தோங் திருப்பத்தில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் கேட்டார்.

"அத்தைகிட்ட சொல்லப்போறியா?"

"எத?"

"பன்னிய."

"மருந்துப்பா அது. சாப்பாடு இல்ல. வாய் வழியாப் போகல."

"நான் ஒன்னும் சொல்லல. அத்தைகிட்ட சொல்லப்போறியான்னுதான் கேட்டேன்."

"சொல்லல."

"சரி, நானும் கேக்கல," என்றார். பச்சை விழுந்தது.

மறுநாள் காலையிலிருந்து பள்ளிக்குக் கிளம்புமுன் ஆறே காலுக்கு ஊசி. முதல் நான்கு நாள் நானே போட்டுக்கொண்டேன். பஞ்சணையில் வந்தது வயிற்றில் வரவில்லை. பிறகு கணவர் போட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொள்வது நானல்ல, போடுகிறவர். "கண்ணத் தொறந்து போடுப்பா!" என்று கத்துவேன். இரண்டாவது வாரத்தில் வயிறு முழுக்கப் பழுப்பும் ஊதாவும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தது. ஒருநாள் அதில் விரல் வைத்துக் காட்டினார். "இது தெலுக் இந்தான், இது கோப்பெங், ஈப்போ இதோ இங்க பெருசா இருக்கு. நாளைக்கு எங்க போலாம் சொல்லு." நான் தைப்பிங் பக்கம் போலாம் என்றேன். அந்தப் பக்கம்தான் வலிக்காத இடம் பாக்கியிருந்தது.

ஏழாவது வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் ஒரு புள்ளி துடித்தது. முதல் இரண்டிலும் நான் துடிப்பைப் பார்த்ததே இல்லை. இது துடிக்கிறது என்றால் ஊசிதான் காரணம் என்று அந்த நொடியே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பேருந்தில் வருவார். அடுக்குச்சட்டியில் முருங்கைக்கீரை, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். எனக்கு எதிரே உட்கார்ந்து தானும் அதையே சாப்பிடுவார். மீன் இல்லாமல் ஒரு நாள் சோறு இறங்காத மனுஷி அவர். "பள்ளிக்கூடத்துல யாரும் கேக்கு கீக்கு குடுத்தாத் தின்னுறாத. முட்ட இருக்கும்," என்பார். தின்னவில்லை. தலைமையாசிரியையின் பிறந்தநாளுக்கு எல்லாரும் வெட்டிச் சாப்பிட்டபோது, பல் வலி என்று சொல்லிவிட்டு நின்றேன். காலையில் பன்றிக் குடல் மருந்து போட்ட இடம் சேலைக்குள் எரிந்துகொண்டிருந்தது. இதில் எது விரதம், எது விரதமில்லை என்று நானே குழம்பிப்போனேன். அம்மா என் தட்டில் கீரையை அள்ளி வைக்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். மூன்று மாதம் முடியட்டும், பிள்ளை கையில் வந்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்போது அம்மாவும் சிரிப்பார். "அடிப்பாவி" என்பார். அந்தக் காட்சி வரைக்கும் எனக்குள் தயாராக இருந்தது.

பத்தாவது வாரத்து ஸ்கேனுக்கு இருபத்தாறாவது ஊசி போட்ட காலையில் போனோம். ஒரு சொட்டு இரத்தம் போகவில்லை. வயிற்று வலி இல்லை. வாந்திகூட அந்த வாரம் குறைந்திருந்தது. நல்லதுக்குத்தான் என்று நினைத்திருந்தோம். கணவர் காணொளி எடுக்கத் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

மருத்துவர் ஒரு முறை பார்த்தார். கருவியைத் தூக்கிவிட்டு, ஜெல்லை இன்னும் கொஞ்சம் போட்டு, இன்னொரு முறை பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மன்னிக்க வேண்டும்," என்றார். "வளர்ச்சி நின்றுபோயிருக்கிறது. நாலைந்து நாள் ஆகியிருக்கும்."

கணவர் தொலைபேசியை இறக்கவில்லை. நான்தான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

ஊசி போட்டதாலா என்று கேட்டேன். இல்லை என்றார். ஊசி போதவில்லையா என்று கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது என்றார். பின்னே எதனால்? பல நேரம் கருவிலேயே கோளாறு இருக்கும், பல நேரம் காரணமே தெரியாது, உங்கள் மீது தவறு எதுவும் இல்லை என்று அவர் பேனா மூடியைத் தொடாமல் மெதுவாகச் சொன்னார். ஜெல்லைத் துடைக்கக் காகிதம் கொடுத்தார். கன்றிப்போன இடங்களின் மேல் அழுத்தித் துடைத்தேன். வலிக்கவேயில்லை.

மருத்துவமனையில் எல்லாம் செய்து முடித்த பிறகு, இரண்டு வாரம் சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டில் இருந்தேன். பள்ளிக்கு இந்த முறையும் வயிற்றுக் கோளாறுதான். மூன்றாவது வயிற்றுக் கோளாறு. "நல்ல டாக்டரப் போயிப் பாரு டீச்சர்," என்று தலைமையாசிரியை குறுஞ்செய்தி அனுப்பினார்.

அம்மா பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதைப் போலவே செய்தார். வெந்நீர், மஞ்சள், பூண்டு. எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் எழுந்து போனதை முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது நாள் கவனித்தேன். மூன்றாவது நாள் சனிக்கிழமை, பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா சாப்பிடல?"

"எறங்கல."

"எனக்கே எறங்குது."

அம்மா அரிசித் தண்ணீரைச் சாய்த்தார். மறுபடியும் தண்ணீர் பிடித்தார். மூன்று தண்ணீர் போதும் அரிசிக்கு. அது ஐந்தாவது.

"நாந்தான் கெடுத்துட்டேன்," என்றார்.

"என்னம்மா?"

"கேண்டீன்ல நாசி லெமாக் சோத்துக்கு சம்பல் கிண்டுறது நாந்தான. நெத்திலி போட்ட சம்பல். எறக்குறதுக்கு முந்தி உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு உப்புப் பாப்பேன். தெனமும் பாக்குறது. கை தன்னால போகும், நாக்கு தன்னால நக்கும்." அவர் ஈரமான உள்ளங்கையை விரித்து அதையே பார்த்தார். "நேந்துக்கிட்ட அன்னைக்கே, இனிமே உப்பு நீ பாருடின்னு கூட வேலை செய்யிறவகிட்ட சொல்லிட்டேன். அவளும் பாத்தா. நடுவுல ஒரு வாரம் அவ லீவு. அந்த வாரம் முழுக்க நாந்தாம்மா நக்கியிருக்கேன். ஞாபகமே இல்ல. நீ ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணுனப்பதான் ஞாபகம் வந்துச்சு. கையில சொட்டு. வாயில நெத்திலி."

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடந்ததை நடந்தபடி ஒப்புவிப்பவரைப் போலச் சொன்னார்.

அப்போது எனக்குத் தோன்றிய யோசனை எனக்குப் புத்திசாலித்தனமாகவே பட்டது. இவர் பாரத்தை இறக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. ஒரு சொட்டுச் சம்பல் எங்கே, இருபத்தாறு ஊசி எங்கே. நான் செய்தது பெரிது என்று தெரிந்தால் அவர் செய்தது சின்னதாகிவிடும்.

"அம்மா, அந்த ஊசி பன்னியிலருந்து எடுத்தது."

அவர் நிமிர்ந்தார்.

"பன்னியா?"

"பன்னிக் குடல்லருந்து. மொத நாளே மிஸ்ஸி சொன்னாங்க. வேற மருந்தும் இருக்குன்னாங்க. நாந்தான் வேணாம், இதையே குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன். இருபத்தாறு நாளும் தெரிஞ்சேதான் போட்டேன். நீங்க ஒரு சொட்டு நக்குனீங்க, அதுவும் தெரியாம. விரதத்தக் கெடுத்தது நீங்க இல்ல, நான்."

தண்ணீர்க் குழாயை மூடினார். அடுத்த வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நின்ற பிறகு கேட்டார்.

"எதுக்குப் போட்ட?"

"எதுக்குன்னா? புள்ளைக்குத்தான்."

"அதான். நீ புள்ளைக்காகப் போட்ட. சாமிக்கே தெரியும், பெத்தவ புள்ளைக்காக எதையும் செய்வா. அதக் குத்தம்னு எடுக்காது." பானையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் நக்குனது எதுக்கு? ஒன்னுக்கும் இல்ல. பழக்கதோஷம். சும்மா நக்கியிருக்கேன்."

உள்ளே போய்விட்டார். நான் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பாரத்தை இறக்கப் போனவள், அவரிடம் மிச்சமிருந்த ஒரு சாக்கையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவரை வேறு யாருடைய தவறாகவோ இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளவாவது அவருக்கு இடம் இருந்தது. இப்போது என்னுடையதை மன்னித்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டார். வயிற்றில் கன்றிப்போனது அந்த வாரம் மஞ்சளாகி மறையத் தொடங்கியது. அதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை, மறையவும் பிடிக்கவில்லை.

இந்த முறை பொறுத்தோம். பன்னிரண்டு வாரம் முழுதாகப் போகவிட்டு மறுபடியும் இரத்தம் கொடுத்தேன். முடிவைச் சொல்ல மருத்துவர் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, தனியாகத்தான் போனேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அளவு கோட்டுக்குக் கீழே இருந்தது. வெகு கீழே.

"நல்ல செய்தி," என்றார். "உங்களுக்கு அந்தக் கோளாறு இல்லை. முதலில் தெரிந்தது ஏதாவது காய்ச்சலாலோ கிருமியாலோ கொஞ்ச நாள் ஏறி இறங்கியதாக இருக்கும். அடுத்த முறை ஊசி தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை."

"அப்ப போன முறை?"

"அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு. தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன்."

நானும் சொல்ல மாட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் விதை முளைக்கவில்லை என்றால், நீ செய்தது தப்பில்லை, முளைக்கவில்லை என்று தெரிந்ததே ஒரு முடிவுதான் என்று முதுகில் தட்டிக்கொடுப்பேன். அந்தப் பிள்ளைகளின் முகம் ஏன் அப்போதும் தெளியாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் காரைத் திறந்து வைத்துச் சூடு தணியக் காத்திருந்தபோது அம்மாவே கூப்பிட்டுவிட்டார். சிற்றுண்டிச்சாலையில் வேலை முடிந்திருக்கும். பின்னால் தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.

"என்னாச்சும்மா? ரிப்போட்டு என்ன சொல்லுது?"

"நல்லா இருக்கும்மா. எனக்கு ஒன்னும் இல்லையாம்."

"முருகா." மூச்சு விட்டார். "அப்ப அடுத்தாப்ல அந்த ஊசி?"

"வேணாமாம்."

அம்மா பள்ளிக்கூடம் போனது மூன்று ஆண்டுதான். ஆனால் கணக்கில் என்னைவிட வேகம்.

"அப்ப நீ போட்டுக்கிட்டது?"

ஆதாரம், அன்றைக்குத் தெரிந்தது, அன்றைக்குத் தெரியாதது எல்லாம் வாயில் வரிசையாக வந்து நின்றன.

"ஒன்னுக்கும் இல்லம்மா," என்றேன். "என்னோடதும் ஒன்னுக்கும் இல்ல. நீங்க நக்குன மாதிரிதான். சும்மா."

இதைச் சொன்னால் இருவரும் ஒரே இடத்தில் நிற்போம் என்று நினைத்தேனா, இல்லை உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாத என் பழைய அவசரமா, எனக்கே தெரியாது.

"அப்படிச் சொல்லாத." அம்மாவின் குரல் கடுமையாக வந்தது. "என்ன சும்மா? புள்ள உள்ள உசுரோட இருந்துச்சுல்ல? அது உசுரோட இருந்தப்பதான நீ போட்ட?"

மருத்துவர் சொன்ன நாலைந்து நாள் கணக்கை அம்மாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. கடைசி நாலைந்து ஊசி யாருக்காகப் போட்டேன் என்று நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். அதை அம்மாவும் எண்ண வேண்டாம்.

"ஆமாம்மா," என்றேன். "இருந்தப்பதான் போட்டேன்."